குறுக்கே ஐந்து நாள்: பட்டர்வொர்த்திலிருந்து கோத்தா பாருவுக்குச் சைக்கிளில்

நம் தீபகற்பத்தை நம்மில் பெரும்பாலோர் நீளவாக்கில்தான் அறிந்திருக்கிறோம். கல்யாணமோ, திருவிழாவோ, துக்கமோ எதுவானாலும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறோம். தமிழர்கள் அதிகம் வாழ்வது மேற்குக் கரை மாநிலங்களில் என்பதால் நம் உறவுகளும் அந்தச் சாலையை ஒட்டியே அமைந்துவிட்டன. "கிளந்தானில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டா?" என்று ஒருநாள் வானொலியில் நேயர்களிடம் கேட்டேன். வழக்கமாக நிறைந்து வழியும் தொலைபேசியில் அன்று வந்தவை மூன்றே அழைப்புகள்.

அகலவாக்கில் இந்த நாடு எப்படி இருக்கும் என்ற ஆசை அப்போது பிறந்தது. ஏப்ரலில் என் கணவர், அவருடைய நண்பர்கள் இருவர், நான் என நால்வர் சைக்கிளில் கிளம்பினோம். மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டி வந்தவர் என் மாமா. ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். இருபது ஆண்டுக்கும் மேல் இதே பாதையில் சரக்கு ஏற்றிச் சென்றவர்.

மொத்தத் தூரம் ஏறக்குறைய 370 கிலோமீட்டர். கரையிலிருந்து கரைக்குச் சைக்கிளில் போகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புறப்படும் கடலில் பின்சக்கரத்தையும், போய்ச் சேரும் கடலில் முன்சக்கரத்தையும் நனைக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு பட்டர்வொர்த் பந்தாய் பெர்சேயில் பின்சக்கரம் நனைந்தது.

தோட்டங்களும் பள்ளிக்கூடமும்

முதல் நாள் சுமார் 90 கிலோமீட்டர். சுங்கை பட்டாணியில் பசியாறிவிட்டு கோல கெட்டில் வழியாக பாலிங். ரப்பரும் செம்பனையும் மாறி மாறி வரும் பாதை. மாமா பிறந்தது இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். வேனை ஒரு திருப்பத்தில் நிறுத்தி, "இங்கதான் எங்க லயம்" என்று காட்டினார். லயம் இல்லை. ஒரு சிறிய கோயிலும், அதன் அருகே ஒரு பலாமரமும் மட்டும் இருந்தன. மாமா பலாவைத் தட்டிப் பார்த்தார். "இன்னும் பழுக்கல" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார்.

பாலிங் என்றதும் சுண்ணாம்புக்கல் மலைதான் முதலில் கண்ணில் படும். வரலாறு படித்தவர்களுக்கு அங்குள்ள பள்ளிக்கூடம் ஞாபகம் வரும். 1955 டிசம்பர் 28, 29-ஆம் தேதிகளில் துங்கு அப்துல் ரஹ்மான், டேவிட் மார்ஷல், டான் செங் லோக் ஆகியோர் கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கைச் சந்தித்துப் பேசியது இங்கேதான். பேச்சு தோற்றது. காட்டில் போர் தொடர்ந்தது. அந்தத் தோல்வி நாங்கள் போகவிருந்த சாலையையும் விட்டுவைக்கவில்லை.

இரண்டாம் நாள் கெரிக்கை அடைந்தோம். தூரம் 60 கிலோமீட்டர்தான் என்றாலும் ஏற்ற இறக்கம் தொடைக்குப் புரியும். மறுநாள் 40 கிலோமீட்டர் ஓட்டி தெமெங்கோர் ஏரியில் உள்ள பண்டிங் தீவில் தங்கினோம்.

சாலை பிறந்த கதை

கெரிக்கிலிருந்து ஜெலி வரை செல்லும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை 1982-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் கிளந்தானிலிருந்து பினாங்கு வர வேண்டுமானால் கோலாலம்பூரைச் சுற்றி வர வேண்டும், இல்லாவிட்டால் தென் தாய்லாந்து வழியாக வர வேண்டும். 1970-இல் தொடங்கிய வேலை பன்னிரண்டு ஆண்டு இழுத்ததற்கு மலை மட்டும் காரணமல்ல. கம்யூனிஸ்டுகள் கட்டுமான இயந்திரங்களைத் தகர்த்தார்கள். இராணுவக் காவலோடுதான் வேலை நடந்தது. திறந்த பிறகும் இரவில் பயணம் செய்யத் தடை இருந்தது. 1989 டிசம்பரில் ஹாட்யாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே இந்தக் காட்டில் துப்பாக்கி ஓய்ந்தது.

ஏற்றம்

நான்காம் நாள்தான் பயணத்தின் உயிர். பண்டிங்கிலிருந்து ஜெலி சுமார் 85 கிலோமீட்டர். பேராக்-கிளந்தான் எல்லையில், தித்திவங்சா மலைத்தொடரின் மேல் சாலை ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே ஏறுகிறது. நல்ல வெளிச்சம் வந்த பிறகுதான் புறப்பட வேண்டும் என்பது மாமாவின் உத்தரவு.

"ஆனைச் சாணி காஞ்சிருந்தா போய்க்கிட்டே இரும்மா. ஆவி பறந்தா சைக்கிளைத் திருப்பு" என்றார். நாங்கள் சிரித்தோம். முதல் பத்து கிலோமீட்டருக்குள் ஆறு இடத்தில் சாணியைப் பார்த்தபின் யாரும் சிரிக்கவில்லை. எல்லாம் காய்ந்தவைதான்.

ஏற்றத்தில் எங்கள் வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர். அந்த வேகத்தில் காடு பேச ஆரம்பித்துவிடுகிறது. ஒலியை நம்பிப் பிழைப்பவள் என்பதால் எனக்கு அது விருந்து. பள்ளத்தாக்கிலிருந்து உங்கா குரங்குகளின் நீண்ட கூவல் எழுந்தது. தலைக்கு மேல் புகைவண்டி போவது போல ஓர் இரைச்சல் கேட்டு அண்ணாந்தால் இரண்டு இருவாச்சிகள் பறந்தன. அவற்றின் சிறகொலி அது. மலேசியாவில் உள்ள பத்து வகை இருவாச்சிகளும் பெலும்-தெமெங்கோர் காட்டில் உண்டு. காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போயிருந்தால் ஒன்றும் கேட்டிருக்காது.

காட்டைப் பிளந்து சாலை போட்டால் இரு ஓரத்திலும் வெயில் விழுகிறது. வெயில் விழும் இடத்தில் புல் தழைக்கிறது. யானைகள் அதைத் தேடி வருகின்றன. சாலைக்குக் குறுக்கே யானை வருகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் யானையின் பாதைக்குக் குறுக்கே சாலை வந்திருக்கிறது.

2025 மே மாதம், அன்னையர் தினத்தன்று அதிகாலை, இந்தச் சாலையில் ஒரு குட்டி யானை லோரியில் அடிபட்டு இறந்தது. தாய் யானை அந்த லோரியில் தலையை முட்டிக்கொண்டு அங்கேயே நின்ற காட்சியை நீங்களும் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். அடுத்த மாதமே பல்கலைக்கழக மாணவர்கள் சென்ற பேருந்து இதே நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளாகி 15 பேர் உயிரிழந்தனர். இரண்டு செய்திகளையும் ஒலிபரப்பில் வாசித்தவள் நான். வாசித்தபோது "கெரிக்-ஜெலி சாலை" என்பது எனக்கு வெறும் பெயர்.

மேலே ஓய்விடத்தில் புளிசாதம் சாப்பிட்டபடி மாமாவிடம் லோரிக்காரர்களைப் பற்றிக் கேட்டேன். உடனே பதில் வரவில்லை. "கோழி, காய்கறி எல்லாம் விடியறதுக்குள்ள சந்தைக்குப் போய்ச் சேரணும். நேரத்துக்குப் போகலைன்னா சம்பளத்துல கை வைப்பாங்க. ராத்திரியில விளக்கு கிடையாது, பனி இறங்கும். ஆனையோட தோலும் இருட்டும் ஒரே நிறம்மா. பத்தடியில வந்தாத்தான் தெரியும்" என்றார். பிறகு மெதுவாக, "வேகத்தைக் குறைச்சா மட்டும்தான் தப்பிக்கலாம். அதுக்குத்தான் யாரும் காசு குடுக்கறதில்ல" என்று முடித்தார்.

பெருநாளுக்குக் கம்பத்துக்குத் திரும்பும் கிளந்தான் மக்களுக்கு இந்தச் சாலை உயிர்நாடி. அதை மூடச் சொல்ல முடியாது. யானைகள் அடியில் கடந்து போக கெரிக் அருகே ஒரு மேம்பாலம் கட்டியிருக்கிறார்கள். அதுபோல இன்னும் வேண்டும். இரவு வேகத்துக்குக் கடிவாளமும் வேண்டும். அந்த மலையில் மிதித்து ஏறியவர்களுக்கு இதில் சந்தேகம் வராது.

இறக்கமும் கடலும்

ஜெலிக்கு இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் சக்கரம் சூடேறும். அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு இறங்க வேண்டும். மாமா விளக்குகளை மினுக்கியபடி எங்களுக்குப் பின்னால் வந்து லோரிகளை விலகிப் போகச் செய்தார்.

ஐந்தாம் நாள் கிளந்தான் சமவெளி. தானா மேராவில் 1925-இல் திறக்கப்பட்ட கில்லமார்ட் இரயில் பாலத்தைப் பார்த்தோம். ஜப்பானியர் முன்னேறாதபடி பிரிட்டிஷ் படை 1941-இல் தகர்த்து, போருக்குப் பின் மீண்டும் எழுப்பப்பட்ட பாலம். ஜப்பானியர் 1941 டிசம்பர் 8-இல் முதலில் தரையிறங்கியது கோத்தா பாருவுக்கு அருகே பந்தாய் சாபாக்கில். பிறகு மலாயாவின் சாலைகளில் அவர்கள் விரைந்து முன்னேற உதவியதும் சைக்கிள்தான் என்பது நினைவுக்கு வந்தபோது, என் சைக்கிளைச் சற்று வேறு கண்ணோடு பார்த்தேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு பந்தாய் சாஹாயா பூலானில் முன்சக்கரம் தென்சீனக் கடலில் நனைந்தது. மறுநாள் காலை சித்தி காதிஜா சந்தையில் நாசி கெராபு வாங்கினோம். கடைக்கார மக்சிக், "பினாங்கிலிருந்து சைக்கிளிலா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

நீங்களும் போக நினைத்தால்

• நவம்பர் முதல் ஜனவரி வரை தவிர்த்துவிடுங்கள். கிளந்தானில் வெள்ளம் வரும் காலம் அது.
• மலைப்பகுதியைப் பகலில் மட்டும் கடக்க வேண்டும். மாலை இடிமழைக்கு முன் இறங்கிவிடுங்கள்.
• துணை வண்டி இல்லாமல் போகவே கூடாது. பல இடங்களில் கைப்பேசி வேலை செய்யாது. எந்தக் கிலோமீட்டர் கல்லில் சந்திப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.
• வண்டிக்கு எண்ணெயை கெரிக்கிலேயே நிரப்பிவிடுங்கள். தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், வாழைப்பழம், மாற்று டியூப் கட்டாயம் வேண்டும்.
• சிறுபிள்ளைகள் உள்ள குடும்பம் என்றால் கெரிக்கிலிருந்து பண்டிங் வரை மட்டும், வாகனத்தில், பகலில் போய் வாருங்கள். ஏரியில் படகுப் பயணமே பிள்ளைகளுக்குப் போதும்.

திரும்பும்போது சைக்கிள்களை வேனில் கட்டிக்கொண்டு அதே சாலையில் வந்தோம். மாமா அறுபதுக்கு மேல் போகவே இல்லை. பின்னால் வந்த ஒரு லோரி நெடுநேரம் ஹார்ன் அடித்தது. மாமா இடப்பக்கம் ஒதுங்கி வழி விட்டார். வேகத்தை மட்டும் கூட்டவில்லை.