சூரிய வீதியில் ஒரு நடை

பழைய தமிழ் சினிமா போஸ்டர்களில் ‘ஆர்வோ கலர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். தெரியாவிட்டால் அப்பாவைக் கேளுங்கள். அந்த ஃபிலிம் தயாரான ஊர் வோல்ஃபென். ‘ஒரிஜினல் வோல்ஃபென்’ என்பதன் சுருக்கம்தான் ஆர்வோ! பெர்லினுக்குத் தெற்கே, ரயிலில் ஒரு மணி நேரம் போனால் பிட்டர்ஃபெல்ட். அதை ஒட்டினாற்போல் வோல்ஃபென். பிட்டர்ஃபெல்ட் என்றால் கசப்பு வயல் என்று அர்த்தம் வரும். பொருத்தமான பேர்தான்.

ஃபிலிம் ஃபாக்டரியில் ஒரு காலத்தில் சுமார் 15,000 பேர். வெளிச்சம் பட்டால் சரக்கு போச்சு என்பதால் கும்மிருட்டில் ஷிஃப்ட். 1990-ல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றாயின. சில வருஷத்தில் ஃபாக்டரிக்குப் பூட்டு. ஒரு கட்டடம் மட்டும் இப்போது மியூசியம்.

இருட்டை நம்பிப் பிழைத்த ஊர், அடுத்து வெளிச்சத்தை நம்பியது. 2001-ல், பக்கத்திலிருக்கும் தால்ஹைமில் க்யூ-செல்ஸ் கம்பெனி சோலார் செல் தயாரிக்க ஆரம்பித்தது. ஏழே வருஷத்தில் உலக நம்பர் ஒன்! ஏரியாவுக்கே ‘சோலார் வேலி’ என்று பேர். தெருவுக்கு ‘ஸொன்னன் அலே’. அதாவது, சூரிய வீதி.

அப்புறம் சீன பேனல்கள் அடிமாட்டு விலைக்கு வந்து இறங்கின. ஜெர்மனியில் சோலாருக்குத் தந்த சலுகையும் குறைந்தது. 2012-ல் க்யூ-செல்ஸ் திவால். கொரியாவின் ஹன்வா வாங்கியது. 2015-ல் உற்பத்தியை மூட்டை கட்டி மலேசியாவுக்கு அனுப்பினார்கள். சுமார் 550 பேருக்கு வேலை காலி. 2021-ல் ஸ்விட்சர்லாந்தின் மேயர் பர்கர் வந்து தால்ஹைமில் மறுபடி விளக்கேற்றியது. 2025-ல் அதுவும் திவால். இன்னும் 300-க்கும் மேற்பட்டோர் வீட்டுக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1990-ல் ஃபிலிம் ஃபாக்டரியில் இருந்த 20 வயசுப் பெண்ணுக்கு, சோலார் வந்தபோது 31. மலேசியாவுக்குப் போனபோது 45. கடைசிப் பூட்டு விழுந்தபோது 55. ஒரே ஆயுசில் எத்தனை தடவை புதுசாகத் தொழில் கற்றுக்கொள்வது?

இதில் வேடிக்கை, யாரும் சோலார் வேண்டாம் என்று சொல்லவில்லை. உலகம் முழுக்கப் பேனல் சக்கைப்போடு போடுகிறது. தொழில் வளர்ந்தது, தொழிலாளிக்குத்தான் சீட்டுக் கிழிந்தது.

சூரிய வீதியில் நீள நீளமாகக் கட்டடங்கள். கார் நிறுத்தக் கோடு போட்ட இடமெல்லாம் வெறிச்.

“ஓஹோன்னு வளர்ற தொழில்னு நம்பித்தானேடா சேர்ந்திருப்பாங்க?” என்றான் கூட வந்த நண்பன். லைப்சிக்கில் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம் அவனுக்கு.

“உன் தொழில் எப்படிடா?”

“ஓஹோன்னு வளருது” என்று ஆரம்பித்தவன், சட்டென்று நிறுத்தினான்.

“வா, எங்கேயாவது காபி கிடைக்குதான்னு பார்க்கலாம்.”