தீனியின் உருவம்

கோழி வளர்ப்பவரைக் கண்டால், "என்ன தீனி போடுகிறீர்கள்?" என்று விசாரிப்போர் பலர். "எந்த உருவத்தில் போடுகிறீர்கள்?" என்று கேட்போர் அபூர்வம். கோழிக்கோ இரண்டு கேள்விகளும் முக்கியமானவையே.

உத்திரமேரூரை அடுத்த எங்கள் கிராமத்தில் ஒரு விதவை அம்மாள் கோழி விற்ற பணத்தைக் கொண்டே தம் பையனைப் படிக்க வைக்கிறார். ஒரே மூட்டைத் தூள் தீவனத்தைத் தின்ற குஞ்சுகளில் சில கொழுத்தன. சில மெலிந்து நின்றன. நோயென்று எண்ணி, மருந்துக்குக் கடன் வாங்கவும் அந்த அம்மாள் துணிந்துவிட்டார். கோளாறு குஞ்சுகளிடம் இல்லை. தீனித் தட்டில் இருந்தது.

கோழிக்குப் பல் இல்லை. அலகால் பொறுக்கித் தின்பது அதன் சுபாவம். தூள் தீவனத்தில் பெரிதாகத் தெரியும் மக்காச்சோளத் துணுக்குகளைப் பலசாலிக் குஞ்சுகள் முதலில் பொறுக்கிவிடுகின்றன. தாது உப்பும் வைட்டமினும் கலந்த நுண்ணிய மாவு அடியில் தங்கி, எளிய குஞ்சுகளின் பங்காகிறது. இரு சாராருக்கும் சமமான ஆகாரம் கிடைப்பதில்லை. கிளறிச் சிந்துவதும் காற்றில் பறப்பதும் வேறு நஷ்டம். கோழி வளர்ப்பில் பாதிக்கு மேற்பட்ட செலவு தீனிக்கே ஆகிறது அல்லவா?

இக்குறையை நீக்கவே, தீவனத்தை நீராவியில் பதப்படுத்தி, அழுத்திக் குச்சித் தீவனமாக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் எல்லாச் சத்தும் அடங்கியிருக்கும். தின்னும் நேரமும் சிரமமும் குறைவதால், மிஞ்சும் சக்தி தசையாக வளர்கிறது. இறைச்சிக் கோழிப் பண்ணைகள் இதை விரும்புவது இதனால்தான். இளங்குஞ்சுகளுக்கு அதையே உடைத்துக் குருணையாகக் கொடுக்கிறார்கள்.

ஆயினும் எல்லாவற்றையும் நைய அரைப்பது நன்மையன்று. கோழியின் வயிற்றில் அம்மியைப் போல் தானியத்தை அரைக்கும் தசைப்பை ஒன்று உண்டு. வேலையில்லாவிடில் அது சுருங்குகிறது. சற்றே கரடுமுரடான தானியம் கிடைத்தால் வலுப்பெறுகிறது.

குச்சித் தீவனத்தின் விலை அந்த அம்மாளுக்குக் கட்டவில்லை. கால்நடை வைத்தியர் சொற்படி, தூளில் சிறிது நீர் தெளித்துப் பிசிறி, உடனே தின்று தீரும் அளவு மட்டும் வைத்தார். மிஞ்சினால் புளித்துக் கெடும். மெலிந்த குஞ்சுகளுக்குத் தனித் தட்டு வைத்து, கொஞ்சம் அரிசி நொய்யும் பருமணலும் சேர்த்தார். இரண்டு குஞ்சுகள் பிழைக்கவில்லை, மற்றவை தேறின. கடன் வாங்கவில்லை. பையன் பள்ளிக்கு வருகிறான்.

வீட்டில் கோழி வளர்க்கும் நேயர்கள் மாலையில் தீனித் தட்டைச் சற்று உற்றுப் பார்க்கட்டும். அடியில் மாவு மட்டும் தங்கியிருந்தால், மருந்துக் கடைக்குப் போகுமுன் தீனியின் உருவத்தை மாற்றிப் பார்க்கலாம்.