எமது பழைய விளையாட்டுப் பெட்டிகள்

மாதச் சம்பளம் கைக்கு வந்த மறுநாள் பழைய இரும்புக் கடைக்குச் சைக்கிளில் செல்லும் ஆசிரியரை ஊரார் எக்கண் கொண்டு நோக்குவர் என்பதை நாம் அனுபவத்தால் அறிவோம். கடைக்காரர் நல்ல மனிதர். தராசின் பின்னாலிருந்து எம்மைக் கண்டதும், "சேர், உதெல்லாம் சின்னப் பிள்ளையளின்ர சாமான். உங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே, எமக்கென்று சாக்கினுள் ஒதுக்கி வைத்திருந்த பொருளை எடுத்து மேசையில் வைப்பார். பெரும்பாலும் அது உடைந்த கைப்பிடி ஒன்றாகவோ கசெற் இரண்டொன்றாகவோ இருக்கும். நல்ல நாளாயின், மூடி கழன்றதொரு தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டி கிடைக்கும். நிறுவைக்கு விலை பேசி வாங்கி வருவோம்.

பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்று, உயர்தர மாணவருக்கு இலக்கியம் போதித்துவரும் எமக்கு இப்பழக்கம் எங்ஙனம் வாய்த்தது என நண்பர்கள் வினவுவதுண்டு. முற்போக்குக் கருத்துடைய சிலர் சற்றுக் கடுமையாகவே கேட்டுள்ளனர். பன்னாட்டு முதலாளிகள் பிள்ளைகளின் காசைக் கறப்பதற்கென்று செய்த பண்டங்களை நீர் போற்றிக் காப்பதா என்பது அவர்கள் கேள்வி. அக்கேள்வி நியாயமானதே. அதற்கு முழுமையான விடை எம்மிடம் இன்றும் இல்லை. கதையை மாத்திரம் சொல்லலாம்.

1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினால் வெளியிலிருந்து வர முடியாத பொருட்களுள் ரோர்ச் பற்றரியும் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. எமது பாலப்பருவம் அக்காலத்தில் கழிந்தது. திரையில் ஓடும் விளையாட்டு ஒன்றுண்டு என்பதை நாம் கேள்விப்பட்டோமேயன்றிக் கண்டோமில்லை. 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்தபோது தென்னிலங்கையிலிருந்து லொறிகளில் வந்து குவிந்த பிளாஸ்ரிக் பொருட்களோடு அப்பெட்டியும் வந்து சேர்ந்தது. அதனை 'ரீவி கேம்' என்றே ஊரில் அழைத்தோம். அயல்வீட்டு அண்ணை ஒருவர் அதனை வாங்கி மணிக்கு ஐந்து ரூபா வீதம் வாடகைக்கு விட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவரான நாம் வரிசையில் நின்று காத்திருந்தோம்.

அப்பெட்டியில் எம்மை முதலில் ஆட்கொண்டது தாங்கி விளையாட்டு. ஜப்பானிய நாம்கோ கொம்பனி 1985 இல் வெளியிட்ட 'பற்றில் சிற்றி' என்பது அதன் மூலம் என்பதைப் பிற்காலத்திலேயே அறிந்தோம். செங்கற் சுவர்களுக்கு நடுவே கழுகுச் சின்னம் ஒன்று இருக்கும். திரையின் மேற்புறத்திலிருந்து வரும் தாங்கிகள் அதனைத் தகர்க்காதவாறு இருவர் கூடிக் காத்தல் வேண்டும். உண்மையான தாங்கிகள் உருண்டு சென்ற ஒழுங்கைகளை அறிந்த பிள்ளைகள் நாம். வாசலில் நின்று பார்த்த எமது தந்தையார் ஒரு கணம் திரையை நோக்கிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பி நடந்தார். அவர் ஏன் பேசவில்லை என்று அன்று எமக்கு விளங்கவில்லை. எமக்கோ அத்தாங்கியை நாமே ஓட்டுவதும், வேண்டாதபோது நிறுத்துவதும் பெரிய ஆறுதலாக இருந்தன.

அவ்விளையாட்டில் வேறொரு வசதியும் உண்டு. செங்கல், இரும்பு, நீர், காடு முதலியவற்றை நாமே வைத்துப் புதிய களம் அமைக்கலாம். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று கட்டங்கள். ஐந்து ரூபாவிற்கு வாங்கிய ஒரு மணி நேரத்தில் முக்கால் மணியை எமது ஒழுங்கையைக் கட்டுவதிலேயே செலவிட்டோம். பெட்டியை நிறுத்தியதும் ஒழுங்கை அழிந்துவிடும். அதனை நினைவில் வைக்கும் ஆற்றல் அப்பெட்டிக்கு இல்லை.

2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. அண்ணையின் பெட்டி என்னவாயிற்று என்று தெரியவில்லை.

ஆசிரிய நியமனம் பெற்றபின் முதன்முதல் நாம் வாங்கிய பெட்டியின் விலை அறுநூறு ரூபா. அது இயங்கவில்லை. அதனைத் திறந்து பார்த்தபோதுதான் எமது உண்மையான கல்வி தொடங்கிற்று எனலாம். வெளியே பெரிய உடல். உள்ளே தீப்பெட்டி அளவு பலகை. அதன் நடுவே கரிய பிசின் துளியொன்று. அப்பிசினுள் ஒரு முழுக் கணிப்பொறி அடங்கியிருந்தது. கியோட்டோ நகரில் 1889 இல் சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கிய நின்ரெண்டோ கொம்பனி 1983 யூலையில் 14,800 யென் விலைக்கு வெளியிட்ட 'ஃபமிகொம்' என்னும் பெட்டியின் நகல் அது. தாய்வானிலும் சீனத்திலும் செய்யப்பட்ட இத்தகைய நகல்கள் ரஷ்யாவில் 'டெண்டி' என்றும் போலந்தில் 'பெகாசஸ்' என்றும் பெயர் பெற்றன. சீனத்தின் 'சுபோர்' விசைப்பலகையோடு கூடிய கற்றற் பொறி என்ற வேடத்தில் விற்கப்பட்டது. மூலப்பெட்டியை வாங்க வகையற்ற நாடுகளின் பிள்ளைகள் விளையாடியது இந்நகல்களிலேதான். சேகரிப்போர் பலர் இவற்றைத் தொடவும் கூசுவர், போலி என்பர். எமக்கு அந்தக் கூச்சம் இல்லை. எமது இளமை முழுவதும் அந்தப் போலியிலேயே கழிந்தது.

ஆயினும் ஆசை யாரை விட்டது? 2017 இல் கொழும்பில், ஜப்பானிலிருந்து வரும் பாவித்த பொருட்களை விற்கும் கடையொன்றில் அசல் ஃபமிகொம் ஒன்றைக் கண்டோம். வெண்மையும் கருஞ்சிவப்பும் கலந்த பெட்டி; வெண்மை மட்டும் காலத்தால் மஞ்சளித்திருந்தது. நாலாயிரம் ரூபா கேட்டார்கள். இரண்டாயிரத்து எழுநூறுக்கு இறங்கினார்கள். அன்றிரவு வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆவல் மிகுதியால் அதன் அடப்ரரை நேரே சுவரிற் செருகினோம். ஜப்பானிய மின்சாரம் 100 வோல்ற்று, எமது மின்சாரம் 230 என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவனும் அறிவான். தமிழ்ப் பட்டதாரி அறிந்தும் மறந்தார். சிறிது நேரத்தில் அடப்ரர் புகைந்தது. பெட்டியும் அடங்கிற்று.

நாம் கலங்கிப்போய் அதனைக் கொண்டுசென்றது வானொலி திருத்தும் முதியவர் ஒருவரிடம். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, "தம்பி, பெட்டி சாகேல்லை. முன்னுக்கு நிண்ட காவற்காரன்தான் செத்தவன்," என்றார். காவற்காரன் என அவர் சொன்னது, உள்வரும் மின்னழுத்தத்தை ஐந்து வோல்ற்றாகக் குறைத்துக் கொடுக்கும் 7805 என்னும் மூன்றுகாற் சிறு பாகத்தை. அது தன்னை எரித்துக்கொண்டு பின்னாலிருந்த சிப்புகளைக் காத்துவிட்டது. புதியதன் விலை ஒரு தேநீரும் வடையும் உண்ணும் செலவுக்கு மேற்படாது. ஜப்பானிய அலைவரிசையை எமது தொலைக்காட்சி பற்றாது என்பதையும் கண்டு, பலகையிலிருந்து படக் குறியை நேரே வெளியே எடுக்கும் கம்பியொன்றையும் அவரே வைத்துத் தந்தார். ஈயம் பற்றவைக்க எமக்குக் கற்பித்தவரும் அவரே. பல்கலைக்கழகத்தில் நான்காண்டுகள் கற்றும் எம் கையால் ஒன்றையும் திருத்தியறியாதிருந்த வெட்கம் அவருடைய வாங்கிலிருந்தபோது எம்மை வருத்திற்று.

குறைந்த செலவிற் சேகரிப்போன் விரைவிற் கற்கும் பாடங்கள் சில உள. இயங்காத பெட்டியையே வாங்கவேண்டும். அதற்கு விலை கேட்பவர் இல்லை. கசெற்றை வாயால் ஊதலாகாது. எச்சில் ஈரம் செப்புத் தொடுமுனைகளை அரிக்கும். மதுசாரம் தோய்த்த பஞ்சு போதும். பெரிய கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சியை எவரேனும் வீதியில் எறிந்தால் தூக்கிவர வேண்டும். வாத்துச் சுடும் விளையாட்டின் துப்பாக்கி அத்தகைய திரையிலன்றி வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெளுக்கும். துப்பாக்கி ஒன்றையும் சுடுவதில்லை. அது அவ்வொளியைப் பார்க்கும் கண். இன்றைய தட்டைத் திரையில் அவ்வொளி பிந்தி வருவதாற் கண் குருடாகிவிடும். அயலார் எறிந்த மூன்று தொலைக்காட்சிகள் எமது திண்ணையை அடைத்துக் கிடந்தமைக்குக் காரணம் இதுவே. எமது மனைவியார் அக்காரணத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டாரல்லர்.

கணினியிலேயே இவ்விளையாட்டுகள் யாவற்றையும் செலவின்றி ஓட்டலாமே என்பாருக்கு ஆமென்பதே எமது விடை. ஓட்டலாம், நாமும் ஓட்டுகிறோம். பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை என்பதே குறை. மாரியோ விளையாட்டின் முழு உலகமும் 40 கிலோபைற்றுக்குள் அடங்கியது. அங்கே வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே உருவந்தான். வெள்ளையடித்தால் மேகம், பச்சையடித்தால் புதர். இல்லாமையை இவ்வளவு நேர்த்தியாகக் கையாண்ட கைவினைஞரை எண்ணி வியக்காதிருக்க முடியவில்லை.

அக்கைவினைஞர் யாவர்? இவ்வினா எம்மைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவின் அட்டாரி கொம்பனி விளையாட்டை ஆக்கியோரின் பெயரைப் பெட்டியில் அச்சிட மறுத்தது. அதனால் நால்வர் வெளியேறி 1979 இல் 'அக்ரிவிஷன்' என்னும் நிறுவனத்தைக் கண்டனர். வாரன் றொபினெற் என்பவர் தாம் ஆக்கிய 'அட்வென்சர்' விளையாட்டினுள் இரகசிய அறையொன்றை அமைத்துத் தம் பெயரை ஒளித்துவைத்தார். ஜப்பானிய நிறுவனங்களிலும் பலர் புனைபெயரிலேயே தோன்றினர். போட்டியாளர் அவர்களைக் கவர்ந்து செல்லாதிருக்க அதுவே வழி என முதலாளிகள் கருதினர். 1984 இல் மொஸ்கோவில் 'ரெற்றிஸ்' விளையாட்டை ஆக்கிய அலெக்சி பஜித்னோவ் 1996 வரை அதன் வருவாயிற் பங்கு பெறவில்லை. அங்கே உரிமை அரச நிறுவனத்துக்குப் போயிற்று. இதனை எழுதாது விடுதல் நேர்மையாகாது. எம் ஊர்க் கசெற்றுகளிலோ திருடியோர் இருந்த பெயர்களையும் அழித்துவிட்டு '9999 விளையாட்டுகள்' என்று பொறித்தனர். எண்ணிப் பார்த்தால் முப்பது தேறாது. எஞ்சியவை அவற்றின் மறுபதிப்பே.

2021 இல் அமெரிக்க ஏலமொன்றில், உறை பிரியாத மாரியோ கசெற் ஒன்று 15 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. அதனை வாங்கியவர் உறையைப் பிரித்தால் அதன் மதிப்பு வீழும். எனவே விளையாடப்படாமையே அதன் மதிப்பு. உயர்தர வகுப்பின் பொருளியல் ஆசிரியரான எமது நண்பர் இச்செய்தியைத் தம் பாடத்திற் பயன்படுத்திக்கொண்டார்.

அந்த ஏலத்தைப் பார்த்துச் சிரித்த எமக்கும் அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 2022 மார்ச்சில் ரூபாவின் மதிப்பு சரிந்தது; மின்வெட்டு அம்மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரத்தை எட்டிற்று. எமது மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. "இஞ்சாருங்கோ, பால்மா முடியப் போகுது. வரிசையில நிண்டாலும் காசு வேணுமெல்லே," என்று மனைவியார் மெதுவாகவே சொன்னார். கனடாவிலுள்ள பழைய பாடசாலைத் தோழர் ஒருவர் அந்த ஃபமிகொமை முன்னரே கேட்டிருந்தார். தொலைபேசியில் விலை பேசினோம். பேசினோம் என்பது பொய். அவர் சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டோம். டொலரில் அது அவருக்குச் சிறு தொகை. ரூபாவில் எமது ஒரு மாதச் சம்பளத்தை விடக் கூடியது. முதியவர் பற்றவைத்த கம்பியோடேயே அது கப்பலேறிற்று. இருளில் அமர்ந்து அதனைப் பொதி செய்தபோது எமக்கு அழுகை வரவில்லை; கோபமே வந்தது. எவர்மீது என்று அன்று பிரித்தறிய இயலவில்லை.

நகல் பெட்டிகளை எவரும் விலைக்குக் கேட்கவில்லை. ஆகவே அவை எஞ்சின. அவற்றுள் இரண்டினையும் தொலைக்காட்சி ஒன்றினையும் இப்போது பாடசாலையின் பின்புறத்து அறையில் வைத்துள்ளோம். வெள்ளிக்கிழமை பாடம் முடிந்தபின் மாணவர் வருவர். சாமர்த்தியத் தொலைபேசி வீட்டில் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில் நிற்பர். ஈயம் பற்றவைக்க நால்வர் கற்றுக்கொண்டனர். அவருள் இருவர் மாணவியர்.

சென்ற தவணையில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தாங்கி விளையாட்டைத் தொடங்கினாள், சண்டைக்குப் போகவில்லை. களம் அமைக்கும் பகுதிக்குச் சென்று நெடுநேரம் கட்டிக்கொண்டிருந்தாள். குளம், அதன் கரையில் மரங்கள், இடையே சுவரில்லாத ஒரு பாதை.

"சேர், நிப்பாட்டினா இது அழிஞ்சிடுமோ?"

"ஓம் பிள்ளை, அழிஞ்சிடும்."

அவள் சற்று யோசித்தாள். பின்னர்க் கணிதப் பாடத்துச் சதுரக்கோட்டுக் கொப்பியை எடுத்து, கட்டம் கட்டமாகப் பார்த்து அதனை வரையத் தொடங்கினாள். வாயிற்காவலர் கதவு பூட்ட வந்து நின்றார். இன்னும் நான்கு வரிசை இருக்கிறது, பொறுங்கோ அண்ணை, என்றோம்.