தேர்வில் எண், பத்திரிகையில் பெயர்

ஹார்வர்ட் ஸ்கொயர் ரயில் நிலையத்தில் இறங்கி வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் சட்டக் கல்லூரி வந்துவிடுகிறது. முதலில் கண்ணில் படுவது வெள்ளைத் தூண்கள் வைத்த கேனட் ஹவுஸ். 1887 முதல் வெளிவரும் ‘ஹார்வர்ட் லா ரெவியூ’ ஆய்விதழ் இங்கேதான் இருக்கிறது. 1990இல் ஒபாமா அதன் தலைவரானார். அதில் இடம் கிடைத்த மாணவருக்குப் பெரிய வேலைகள் தேடி வரும்.

நான் வந்தது இன்னொன்றைப் பார்க்க. ‘ஹார்வர்ட் லா ரெக்கார்ட்’, 1946 முதல் மாணவர்களே நடத்தும் செய்தித்தாள். கல்லூரிக்கு அது சொந்தமில்லை, தனி அமைப்பு.

லாங்டெல் நூலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தேன். 1950களின் பழுப்பேறிய இதழ்கள். தாளைத் திருப்பும்போது ஓரம் பொடியாகி விரலில் ஒட்டியது. ரால்ஃப் நேடர் அப்போது இங்கே மாணவர், இந்தப் பத்திரிகையின் ஆசிரியர்களில் ஒருவர். அமெரிக்கப் பூர்வகுடிகளின் நிலையைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். படிப்பு முடித்த 1958இல், கார்களின் வடிவமைப்பே ஆளைக் கொல்கிறது என்று இதே பத்திரிகையில் எழுதினார். அந்த வாதம் 1965இல் புத்தகமானது. மறு வருடமே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்த மெல்லிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதை நினைக்கையில் உடம்பு சிலிர்த்தது.

வெளியே முற்றத்தில் ஒரு கல். அடிமைகளின் உழைப்பில் வந்த பணத்தால்தான் இந்தக் கல்லூரி எழுந்தது என்று 2017இல் பதித்திருக்கிறார்கள். அந்தப் பணத்தைத் தந்த, அடிமைகளை வைத்திருந்த ராயல் குடும்பத்தின் மூன்று கோதுமைக் கட்டுகள் கல்லூரிச் சின்னத்திலேயே இருந்தன. மாணவர்கள் விடாமல் போராடியதால் 2016இல் அந்தச் சின்னம் போனது.

ரெக்கார்டில் எழுதும் மாணவி ஒருவர் என்னோடு நடந்து வந்தார். “மதிப்பெண் போடும் பேராசிரியரைப் பற்றியே எழுத வேண்டி வந்தால் பயமாக இருக்காதா?” என்றேன்.

“தேர்வுத்தாளில் எங்கள் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யார் எழுதியது என்று திருத்துபவருக்குத் தெரியாது. அதனால் பத்திரிகையில் பெயர் போட்டுத்தான் எழுதுகிறோம்” என்றார்.

நான் படித்த காலத்தில் எங்கள் கல்லூரியில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். முதல்வர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அறிவிப்புப் பலகையில் ஏறும். விடுதிச் சாப்பாடு பற்றி நான் எழுதிய பக்கம் ஏறவே இல்லை. அதை அந்த மாணவியிடம் சொன்னேன்.

“அந்தப் பக்கம் இப்போதும் இருக்கிறதா?” என்று கேட்டார். இல்லை. ஆனால் அதில் எழுதியது ஒவ்வொரு வரியாக நினைவிருக்கிறது. வாஸர்ஸ்டைன் கூடத்தின் படியில் உட்கார்ந்து அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் குறிப்பேட்டைத் திறந்தார்.