பத்தி ஒழுங்கு

அச்சிட்ட நூலொன்றைக் கையிலெடுப்பார் அதன் சொல்லையும் பொருளையும் நோக்குவரேயன்றிப் பத்திகளின் வடிவை நோக்கார். நோக்காமையே அவ்வடிவு செவ்வனே அமைந்தமைக்குச் சான்றாகும். ஒரு பத்தி முதல்வரி உள்வாங்கியும், அடுத்தது வாங்காதும், மூன்றாவது மேலும் கீழும் வெற்றிடம் விட்டும் நிற்குமாயின், படிப்போர் ‘ஈண்டுப் புதுப்பொருள் தொடங்கிற்றோ?’ என மயங்குவர். இம்மலரின் தமிழ்ப் பகுதிக்கு வந்த கட்டுரைகளைக் கணிப்பொறியிற் பக்கமாக்கும் பணியில் உடனிருந்த யாம் அம்மயக்கத்தின் வேரை ஓரளவு கண்டோம்.

பண்டை ஓலைச்சுவடிகளிற் பத்தி என்பதே இல்லை. ஓலையின் அகலம் முடியுங்காறும் எழுத்து இடையறாது ஓடும். மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. செய்யுளும் உரையும் பிறநூல் மேற்கோளும் ஒன்றோடொன்று தழுவிக் கிடக்கும். 1887இல் சீவகசிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், மூலம் யாது, உரை யாது, மேற்கோள் யாது எனப் பகுத்தற்குப் பட்ட பாட்டினைத் தமிழுலகம் அறியும். ஆகவே பத்தி பிரித்தல் அழகு பற்றியது மட்டுமன்று, பொருள் பற்றியதுமாம். திருமறையின் ஒவ்வொரு வசனமும் தனித்தனி வரியில் தொடங்கும் பதிப்பைப் படித்துப் பழகியோர், அதனையே தொடர்பத்தியாக அச்சிட்ட பதிப்பிற் படிக்குங்கால் பவுலின் வாதம் வேறொரு விரைவுடன் செல்வதை உணர்வர்.

ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவர் பத்தியின் தலையில் வெற்றுக்கட்டை ஒன்றை இடுவார். யாவர் எழுதிய கட்டுரையாயினும் இடம் விடுவது அவர் கை ஒன்றே. 1985இல் ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் வந்தபின், மேசைமேலேயே பக்கம் அமைக்கும் முறை பரவிற்று. 1999இல் அடோபியின் இன்டிசைன் தோன்றிற்று. இன்றோ கட்டுரையாளர் ஒவ்வொருவரும் தாமே அச்சுக்கோப்பவராயினர். ஒருவர் பத்தித் தொடக்கத்தில் இடைவெளி விசையை ஐந்துமுறை தட்டுகிறார். மற்றொருவர் டேப் விசையை அழுத்துகிறார். வேறொருவர் ஒவ்வொரு வரியின் முடிவிலும் என்டர் விசையைத் தட்டி, பழைய தட்டச்சுப் பொறியின் பழக்கத்தைக் காக்கிறார். திரையில் இவை அனைத்தும் ஒன்றுபோலத் தோன்றும். பத்தியின் அகலத்தை ஒரு விரற்கடை குறைத்த அளவிலே அவரவர் கைவண்ணம் வெளிப்படும்.

இதற்கு மருந்து, பத்திகளுக்குப் பெயரிடுதலே. உரை, மேற்கோள், செய்யுள், தலைப்பு என ஒவ்வொன்றற்கும் ஓர் அமைப்பை வகுத்து, அப்பெயரைப் பத்திக்குச் சூட்டிவிட்டால், பின்னர் ஓரிடத்திற் செய்யும் மாற்றம் மலர் முழுதும் பரவும். பெயருக்கு மாறாக எவரேனும் கையாற் செய்த திருத்தம் இருப்பின், இன்டிசைன் அப்பெயரின் பக்கத்தே ஒரு கூட்டற்குறியிட்டுக் காட்டிக்கொடுக்கும். அத்திருத்தங்களை ஒருசேரக் களையும் கட்டளையும் உண்டு.

ஈண்டுத்தான் விழிப்பு வேண்டும். களைக்குள் பயிரும் உண்டன்றோ? யூனிகோடு பரவுமுன் வழங்கிய பாமினி முதலிய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்குரிய எண்ணிலேயே தமிழெழுத்தின் உருவம் வைக்கப்பெற்றிருந்தது. அத்தகைய கட்டுரையில் எழுத்துருவை நீக்கினால் தமிழே நீங்கிவிடும். பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் எஞ்சும். ஆதலின் முதலில் யூனிகோடாக மாற்றி, அதன்பின்னரே களையெடுத்தல் முறை.

செய்யுளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. வெண்பாவின் ஈற்றடி முச்சீர், ஏனைய அடிகள் நாற்சீர். குறுகிய பத்தியில் நாற்சீரடி மடங்கி மூன்றும் ஒன்றுமாகப் பிரிந்தால், யாப்பறியாதார் அடியை மயங்குவர். யாப்பறிந்தார் ஆசிரியரைப் பழிப்பர். மடங்கிய சீர் அடியின் தொடக்கத்தினும் உள்ளே தள்ளி நிற்குமாறு செய்யுளமைப்பை வகுத்தல் வேண்டும். வெற்றுவரிகளை நீக்கும் கட்டளையையும் செய்யுட்குப் பெயர்சூட்டிய பின்னரே ஏவல் நன்று.

சென்ற ஆண்டு முதிய பழைய மாணவர் ஒருவர், தம்முடன் விடுதியில் வாழ்ந்து மறைந்த நண்பரைக் குறித்து நேரிசை வெண்பா ஒன்றைக் கட்டுரையின் நடுவே அமைத்து விடுத்திருந்தார். பக்கம் அமைத்த அச்சகத்தார் வரிமுறிவுகளை ஒருசேர நீக்கியமையால், அது உரைநடையோடு ஒட்டி, தனிச்சொல்லும் இடந்தெரியாமல் அச்சேறியது. அவர் சினந்து எழுதவில்லை. அஞ்சலட்டையொன்றில் அவ்வெண்பாவை நான்கடியாகத் தம் கையால் எழுதி அனுப்பினார். வேறு ஒரு சொல்லும் அதில் இல்லை. அவ்வட்டையை முன்வைத்து, தனிச்சொல்லுக்கு முன் சிறுகோடும் இட்டு, இவ்வாண்டு அப்பாடலை இப்பகுதியின் முதற்பக்கத்தில் தனியே அமைத்திருக்கின்றோம். அதன் கீழ் வெற்றிடம் மிகுதியாக உள்ளதென்று நண்பர் சிலர் கூறினர். அதனை நிரப்ப யாம் உடன்படவில்லை.