முதலில் காய்ந்த புல்

ஐப்பசி மழை பெய்து விட்டபின் காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களைப் பார்க்க வேண்டும். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். என் வீட்டுக் கொல்லையும் அப்போது பச்சை கட்டிவிடும். கூண்டுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே முயல்கள் பின்னங்காலில் எழுந்து நின்றுகொள்ளும்.

வளர்க்கத் தொடங்கிய வருடம், அந்த ஆசையைப் பார்த்து ஏமாந்தேன். கோடை முழுக்கக் கடையில் வாங்கிய பெல்லட்டும் கொஞ்சம் கீரையுமாக இருந்தவற்றை, மழை விட்ட மறுநாளே காலை முதல் மாலை வரை மேயவிட்டேன். மூன்றாம் நாள் சாம்பல் நிறப் பெட்டை மூலையில் முதுகைக் கூனி உட்கார்ந்திருந்தது. வயிறு மத்தளமாக இறுகியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. அது வலியில் கடிப்பது என்று கால்நடை மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முயலால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்தப் பெட்டை பிழைக்கவில்லை.

பக்கத்துக் காட்டில் மாடு வைத்திருக்கும் பெரியவர் கேள்விப்பட்டு வந்தார். “புது மழைப் புல்லுக்கு மாடே கழியுது கண்ணு, இது எம்மாத்தரம்? வெறும் வயித்தோட விடாத” என்றார்.

முயலின் பெருங்குடல் தொடங்குமிடத்தில் பெரிய பை ஒன்று உண்டு. புல்லைப் புளிக்க வைத்துச் சத்தாக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் குடியிருக்கின்றன. அவற்றுக்குப் பழகிய தீனி வேண்டும். குடல் ஓயாமல் அசைய நார் வேண்டும். இளம்புல்லில் நீரும் சர்க்கரையும் அதிகம். அது திடீரென்று நிறைய உள்ளே போனால் அந்தக் குடித்தனம் குலைந்துபோகிறது. பற்கள் விஷயமும் இருக்கிறது. முயலின் 28 பற்களும் ஆயுள் முழுக்க வளர்பவை. நாரைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். பெல்லட்டில் அந்த வேலை நடக்காது.

அன்றிலிருந்து நானே புல் காயவைக்கிறேன். மழை ஓய்ந்ததும், கதிர் அப்போதுதான் தலைகாட்டும் கொழுக்கட்டைப் புல்லையும் அருகையும் அறுப்பேன். கதிர் முற்றினால் தாள் கட்டையாகிவிடும். ஒரு நாள் வெயில், பிறகு நிழல், இடையிடையே புரட்டிவிடுவேன். பிடியளவு எடுத்து முறுக்கினால் ஈரம் தட்டாமல் ஒடிய வேண்டும். நிறத்தில் பச்சை மிஞ்சியிருக்க வேண்டும். பூஞ்சை வாடை அடித்தால் கட்டோடு எருக்குழிக்குப் போகும். வைக்கோல் போதாதா என்று கேட்பார்கள். சத்தை நெல்மணிக்குக் கொடுத்தது போக மிஞ்சிய தாள்தான் வைக்கோல். அதில் நார் உண்டு, சத்து சொற்பம்.

பச்சையின் ருசி கண்ட முயலைக் காய்ந்த புல்லுக்குத் திருப்புவதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. கொல்லைக்குப் போய் வந்தது, கூடையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் வரிசையை மாற்றினேன். விடியலில் முதலில் காய்ந்த புல். ஒரு மணி நேரம் அரைத்த பிறகுதான் கதவு திறக்கும். முதல் நாள் பத்து நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இரண்டு வாரத்தில் ஒரு மணி நேரம். வெயில் ஏறுமுன் உள்ளே கொண்டுவந்துவிடுவேன். முயலுக்கு வியர்த்து உடம்பு தணியாது, பெரும்பாலும் காது வழியாகத்தான் சூடு இறங்க வேண்டும். மாலையில் புதுக் கட்டைப் பிரித்துக் கூடையில் திணித்து, அவை கழிக்கும் மூலையிலேயே வைப்பேன். முயலுக்குத் தின்பதும் கழிப்பதும் ஒரே நேரத்து வேலை.

காலையில் கூண்டைக் கூட்டும்போது புழுக்கையைப் பார்ப்பேன். காய்ந்த பட்டாணி போல உருண்டையாக இருக்க வேண்டும். திராட்சைக் குலை போன்ற மெத்தென்ற புழுக்கையும் உண்டு. முயல் அதை ஆசனவாயிலிருந்தே வாயில் வாங்கித் தின்றுவிடும், விட்டுப்போன சத்து அதில் திரும்பக் கிடைக்கிறது. அது தின்னப்படாமல் பின்பக்க மயிரில் அப்பிக் கிடந்தால், பச்சை மிஞ்சிவிட்டது என்று பொருள். ஈ மொய்க்குமுன் கழுவித் துடைத்தாக வேண்டும்.

கடைசியாக ஓர் உருண்டையை விரலில் நசுக்குவேன். புல்தூளாக உதிர்ந்தால் தாழ்ப்பாளை எடுப்பேன். ஈரமாக ஒட்டினால், பின்னங்காலில் எத்தனை நேரம் நின்றாலும் அன்றைக்குக் கொல்லை கிடையாது.