நான் நடந்து மெலியவில்லை

 

சரவணையில் என்னைத் தெரிந்த எல்லாருக்கும், முக்கியமாக என்னோடு காலையில் நடக்க வந்து பிறகு நின்றுபோன பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்து வாசியுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் என் எடை 108 கிலோ. உயரம் 158 சென்ரிமீற்றர்தான். இப்போது 75 கிலோ. கடையில், பஸ்ஸில், பெற்றோர் கூட்டத்தில், "ரீச்சர், என்ன செய்தனீங்கள்?" என்று கேட்காத ஆள் இல்லை. எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்லி வந்தேன். "நடக்கிறன். சாப்பாட்டைக் குறைச்சிட்டன்."

இரண்டும் பொய் இல்லை. ஆனால் முக்கியமானதை விட்டுவிட்டுச் சொன்ன பதில் அது. 2023 இல் கொழும்பில் எனக்கு எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சை நடந்தது. வீட்டாருக்கும் என்னோடு படிப்பிக்கும் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியும்.

ஏன் மறைத்தேன்? "சாப்பாட்டை அடக்கத் தெரியாமல் வயிற்றை வெட்டினவள்" என்று கதைப்பார்கள் என்ற பயம். அல்லாஹ் தந்த உடம்பில் கத்தி வைக்கலாமா என்று கேட்பார்களோ என்ற பயமும் இருந்தது. இத்தனைக்கும் அந்தக் கேள்வியை நானே முதலில் ஒரு மௌலவியிடம் கேட்டு, நோய்க்கு வைத்தியம் செய்வதில் தடையில்லை என்று பதிலும் வாங்கியிருந்தேன். ஊருக்குச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

போன மாதம் என் மாணவன் ஒருவனின் தாய் பாடசாலை வாசலில் என்னை மறித்தார். (அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.) அவருக்குச் சீனி வருத்தம், மாத்திரை எடுக்கிறார்.

"ரீச்சர், நீங்கள் நடந்து எட்டு மாசத்தில முப்பது கிலோவுக்கு மேல குறைஞ்சனீங்கள். நானும் நாலு மாசமா நடந்தன். ஒன்றரைக் கிலோதான். இராச்சாப்பாட்டையும் விட்டுப் பாத்தன், தலை சுத்தி விழுந்ததுதான் மிச்சம். இப்ப எல்லாத்தையும் விட்டிட்டன். என்னில என்ன பிழை?"

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இதை முதலே சொல்லியிருக்கலாமே ரீச்சர்" என்றார். பிறகு, "அப்ப நான் நடந்தது சரிதானே?" என்று கேட்டார்.

சரிதான். அவரில் ஒரு பிழையும் இல்லை. அதை விளக்கத்தான் இந்தப் பதிவு.

எனக்குச் செய்தது 'ஸ்லீவ்' என்கிற முறை. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் அளவு குழாய். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் கூடுதலாகச் சுரக்கும் மேல்பகுதியும் போய்விடுவதால் பசியும் அடங்கும். முதல் எட்டு மாதத்தில் என்னை மெலிய வைத்தது அதுதான். சரவணை வீதி இல்லை.

வெறும் நடையால் அவ்வளவு குறையாது. அரை மணி நேரம் நடந்தால் ஏறக்குறைய 120, 150 கலோரி எரியும். சீனி போட்ட ஒரு பால் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் அதைத் திருப்பித் தந்துவிடும். சுவீடனில் 1987 இல் தொடங்கி, சத்திரசிகிச்சை செய்த ஏறக்குறைய 2,000 பேரையும் செய்யாத அதேயளவு பேரையும் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வழக்கமான ஆலோசனையும் வைத்தியமும் மட்டும் பெற்றவர்களின் சராசரி எடை 20 வருடம் கழித்தும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நின்றது. அந்தத் தாய் ஒன்றரைக் கிலோ குறைத்ததே பெரிய காரியம். அதோடு, நடந்தால் தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்ளும், தராசு அசையாவிட்டாலும். அவருக்குத் தேவையும் அதுதான். இராச்சாப்பாட்டை விடுவதல்ல. சீனி மாத்திரை எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்காமல் சாப்பாட்டை விடவே கூடாது.

அதே ஆய்வில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு இரண்டாம் வருடம் சராசரியாக 23 வீத எடை குறைந்திருந்தது. இருபதாம் வருடம் அது 18 வீதம். கொஞ்சம் திரும்பி வருகிறது என்று அர்த்தம். மரடோனா 2005 இல் கொலம்பியாவில் இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்து நன்றாக மெலிந்தார். பிறகு எடை திரும்ப ஏறியது. எங்கள் தீவுப் பொடியன்களுக்கு அவருடைய கோல்கள் எல்லாம் தெரியும், இது தெரியாது.

எனக்கும் ஏறியது. முதல் மாதங்களில் யாரும் உற்சாகப்படுத்தத் தேவையிருக்கவில்லை, தராசே உற்சாகம். பத்தாம் மாதம் அது நின்றது. பிறகு ஒரு கிலோ, இரண்டு, நாலு என்று ஏறத் தொடங்கியது. பசி திரும்பி வந்தது. தராசைத் தூக்கி அலுமாரிக்குக் கீழே தள்ளிவிட்டேன். சோளகக் காற்று என்று சாட்டுச் சொல்லி நடையையும் நிறுத்தினேன். மூன்று கிழமை. ஊரில் எல்லாரும் "ரீச்சரைப் பாருங்கோ" என்று சொல்லும்போது உள்ளே ஒருத்தி திரும்பவும் 108 ஆகிறாள் என்ற பயத்தை யாரிடம் சொல்வது? உண்மையைச் சொன்னவளுக்கு உதவி கேட்கலாம். பொய் சொன்னவளுக்கு அதுவும் இல்லை.

என்னைத் திரும்ப வீதிக்குக் கொண்டுவந்தது எந்த வீடியோவும் இல்லை. நாலு வீடு தள்ளி இருக்கும் ஒரு அம்மம்மா. வேலிக்குள்ளால் கூப்பிட்டு, "பிள்ளை, ஏன் இப்ப விடியக் காணேல்லை? நீ போறதைப் பாத்துத்தான் நான் அடுப்பு மூட்டுறனான்" என்றார். அடுத்த நாள் சுபஹு தொழுதுவிட்டு வெளியே இறங்கினேன். அவருடைய அடுப்புக்காக.

அதிலிருந்து சிலதை மாற்றிக்கொண்டேன். மனம் வந்தால் நடப்பது என்று இல்லை. அபாயாவும் சப்பாத்தும் இரவே வாசலில் இருக்கும். (அபாயாவுக்குக் கீழே விளையாட்டுச் சப்பாத்து போட்ட முதல் நாள் சிரித்தவர்களுக்கு ஸலாம்.) சோளகத்தில் எதிர்க்காற்றில் தொடங்கி, திரும்பி வரும்போது காற்று தள்ள வருவேன். மாரியில் பாடசாலை விறாந்தை. மிகவும் ஏலாத நாளில் பத்து நிமிடம், ஆனால் வெறும் நாள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது கிழமைக்கு 150 நிமிடம். அதை ஐந்து நாளுக்குப் பிரித்தால் அரை மணிதான்.

நடை மட்டும் போதாது என்பதைப் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். வேகமாக மெலியும்போது கொழுப்போடு தசையும் போகும். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது, சுவரைத் தள்ளுவது, ஒன்றரை லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பித் தூக்குவது, இவ்வளவுதான் என் ஜிம். நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் எடுக்கச் சொன்னார்கள். எங்களுக்கு மீனுக்கென்ன குறை? மீனும் முட்டையும் பருப்பும் முதலில், சோறு பிறகு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதில்லை. விற்றமின் மாத்திரையும் கிளினிக்கும் விடுவதில்லை. சத்திரசிகிச்சை செய்ய யோசிப்பவர்களுக்கு ஒன்று: முதல் ஆறு கிழமை கிணற்றில் வாளி இழுக்கலாம் என்று நினைக்காதீர்கள். நோன்பையும் டொக்டரிடம் கேட்டே பிடியுங்கள். முதல் ரமழானில் என்னை விடவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று கேட்ட உறவுகளுக்கு அதிலும் ஒரு பொய் சொன்னேன். இன்று அவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

தராசை இப்போது மாதத்தில் ஒருநாள்தான் வெளியே எடுக்கிறேன். எனக்கு வேறு அளவுகோல் இருக்கிறது. 108 கிலோவில் நான் கதிரையில் இருந்துதான் தொழுதேன். முழங்கால் விடாது. இப்போது நிலத்தில் ஸுஜூது செய்து, கை ஊன்றாமல் எழும்புகிறேன். 75, 79 ஆனாலும் அது இருக்கும், நான் நடந்தால். அல்ஹம்துலில்லாஹ்.

அந்தத் தாய் திங்கட்கிழமையில் இருந்து திரும்ப வருகிறார். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 5.30, சந்திக் கடைக்கு முன்னால். சீனிக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு வரவேண்டாம், கையில் இரண்டு ரொபி வைத்திருங்கள். எத்தனை கிலோ குறைந்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. நாய்க்குப் பயந்தவர்கள் என் பக்கத்தில் வாருங்கள். எனக்கும் பயம்தான், ஆனால் தடி என்னிடம் இருக்கு.